வேலூரிலிருந்து சென்னையில் ஒளிப்படக் கண்காட்சி வைக்க: கூடம், அச்சு, பிரேம், செலவு

பாலாற்றின் மணற்படுகையையும் அதன் கரையோரத் தோல் தொழிற்சாலைகளையும் நான்கு ஆண்டுகள் படமெடுத்து, சென்ற பிப்ரவரியில் சென்னையில் ஏழு நாள் தனிக் கண்காட்சி வைத்தேன். படமெடுக்க நான்கு ஆண்டுகள் ஆனதில் எனக்கு வருத்தமில்லை. அவற்றைச் சுவரில் மாட்டுவதற்கு மேலும் பதினான்கு மாதங்கள் ஆயின. அதில் பாதிக்கு மேல் வீண். எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்ததே காரணம். முதலில் அச்சிட்டேன், பிறகு பிரேம் போட்டேன், கடைசியாகக் கூடம் தேடினேன். 34 படங்களை பிரேம் போட்டு வீட்டில் அடுக்கிவிட்ட பிறகு கிடைத்த கூடத்தின் சுவரில் 20 படங்களுக்குத்தான் இடமிருந்தது. மீதிப் பதினான்கும் இன்றுவரை எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய போர்வை சுற்றி நிற்கின்றன.

வேலூர், இராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து முதன்முறையாகச் சென்னையில் கண்காட்சி வைக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். சென்னைக்காரர் ஒரு பொருளை மறந்தால் அரை மணி நேரத்தில் எடுத்து வந்துவிடுவார்; நமக்கு அது ஒரு நாள். ஆகவே எந்த வரிசையில் செய்வது என்பதே இங்கு முக்கியம். கீழே வரும் தொகைகள் நான் பணம் கட்டிய பில்களில் உள்ளவை; நீங்கள் விசாரிக்கும்போது கூடவோ குறையவோ இருக்கலாம்.

1. கேமராவை வைத்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள்

முதல் பயணம் படம் காட்டுவதற்காக இருக்க வேண்டாம்; கூடங்களைப் பார்ப்பதற்காக மட்டும் இருக்கட்டும். காட்பாடியிலிருந்து காலை இரயிலில் கிளம்பினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கினால், கிரீம்ஸ் சாலையிலுள்ள, மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்துக்கு ஆட்டோவில் சிறு தூரம்தான். வாடகைக்குக் கூடம் தரும் அரசு சார்ந்த இடங்களில் புதியவர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமமும், அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள, தென்னிந்திய மரபு வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவும் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடியவை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து நான் ஒரு நாளைத் தொலைத்தேன். நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் பண்பாட்டு மையமான கதே நிலையம் ஆகிய இரண்டிலும் ஒளிப்படக் காட்சிகள் நடப்பதுண்டு. ஆனால் அவை பெரும்பாலும் தங்கள் நிகழ்ச்சித் திட்டத்துக்குள் நடத்துபவை என்பதால், வாடகைக் கூடம் போல் எண்ணிக்கொண்டு போக வேண்டாம்.

ஒவ்வொரு கூடத்திலும் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் மொத்த நீளம் அடிக்கணக்கில். கதவு, சன்னல், சுவிட்சுப் பலகை, தீயணைப்பான் மாட்டிய இடங்களைக் கழித்த நீளம். படம் மாட்டும் முறை. விளக்குகளின் எண்ணிக்கை, அவற்றைத் திருப்ப முடியுமா என்பது. சரக்கு வண்டி வாசல்வரை வருமா என்பது. படம் மாட்டும் முறை என்றால், சுவரில் ஆணி அடிக்கலாமா அல்லது மேலே ஓடும் கம்பியிலிருந்துதான் தொங்கவிட வேண்டுமா என்பதே. இந்த ஐந்தும் தெரியாமல் ஒரு படம்கூட அச்சிடாதீர்கள்.

கணக்கு எளிது. என் படங்கள் எல்லாம் கிடைமட்டமானவை. பிரேமோடு சேர்த்து 32 அங்குல அகலம், 24 அங்குல உயரம். இரண்டு படங்களுக்கு நடுவே 22 அங்குலம் விட்டால் ஒரு படத்துக்கு 54 அங்குலம், அதாவது நாலரை அடி. கழித்தது போக எனக்குக் கிடைத்த சுவர் 90 அடி. ஆக 20 படங்கள். இந்த வகுத்தல் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் எனக்கு 49,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

2. தொடர்

படங்களைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது உங்கள் விஷயம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோட்டை அகழியில் ஒரு படம், ஏலகிரி மூடுபனியில் ஒரு படம், மயிலார் திருவிழாவில் ஒரு படம் என்று நல்ல படங்களை எல்லாம் திரட்டி வைப்பது போட்டிக்குச் சரி. கூடத்தின் தேர்வுக் குழுவுக்குச் சரிவராது. ஒரே பொருளைப் பற்றிய 15 முதல் 20 படங்களைக் கேட்பார்கள். படங்களை 4×6 அளவில் உள்ளூர் லேபில் மலிவாகப் பிரிண்ட் போட்டு, தரையில் பரப்பி, வரிசை மாற்றிப் பாருங்கள். கணினித் திரையில் வரிசை புரியாது.

3. அனுமதிகளைக் கண்காட்சிக்கு முன்பே வாங்குங்கள்

படமெடுத்த அன்றே வாங்கியிருக்க வேண்டியவை இவை. நான் பலவற்றை இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய் வாங்கினேன்.

வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம். கையில் பிடித்த கேமராவால் சாதாரணமாக எடுப்பதில் சிக்கலில்லை. மூன்று கால் ஸ்டாண்டை விரித்தால் முன் அனுமதி கேட்பார்கள். அதிகாலையில் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுக்கும் நீள் வெளிப்பாட்டுப் படங்கள் உங்கள் தொடரில் இருந்தால், அனுமதிக் கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கட்டும்.

மனிதர்கள் அடையாளம் தெரியும்படி இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வேண்டும். அதைத் தமிழில் எழுதுங்கள். இன்னார் இன்ன தேதியில் இன்ன இடத்தில் எடுத்த என் படத்தைக் கண்காட்சியில் வைக்கவும், அச்சுப் பிரதியை விற்கவும், அழைப்பிதழில் பயன்படுத்தவும் சம்மதிக்கிறேன் என்று மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். 'கண்காட்சிக்கு' என்று மட்டும் எழுதி வாங்கினால் விற்பனைக்கு மறுபடியும் போக வேண்டியிருக்கும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி ஒருவர் கையெழுத்தோடு ரேகை வாங்குங்கள். சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்; அந்தப் படத்தின் ஒரு பிரிண்டை எடுத்துப்போய்க் கொடுங்கள். தோல் காயவைக்கும் திடலில் நான் எடுத்த ஒரு பெரியவர், கடிதத்தைவிட அந்தப் பிரிண்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு, "இன்னாபா, எனக்கு இவ்ளோ வயசாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தொழிற்சாலைக்குள் எடுத்த படங்களுக்குத் தொழிலாளியின் சம்மதம் வேறு, உரிமையாளரின் சம்மதம் வேறு. இரண்டும் வேண்டும். மாசு பற்றிய வழக்குகளைப் பார்த்த ஊர் இது. வாய்மொழிச் சம்மதம் பத்திரிகையில் படம் வந்த மறுநாள் காணாமல் போய்விடும்.

உங்கள் சொந்த உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒளிப்படத்துக்குப் பதிப்புரிமை, எடுத்த கணமே உங்களுக்கு உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தப்படி, எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. வழக்கு வந்தால் சான்றாக இருக்கட்டும் என்று நினைத்தால் ஒரு கலைப்படைப்புக்கு 500 ரூபாய் கட்டணத்தில் இணையவழியே விண்ணப்பிக்கலாம். ஆட்சேபத்துக்கென 30 நாள் காத்திருப்பு உண்டு. இருபது படத்துக்கும் 10,000 ரூபாய் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. அழைப்பிதழில் வரும் ஒன்றிரண்டுக்குச் செய்தால் போதும்.

4. விண்ணப்பக் கோப்பு

ஒரே கோப்பைத் தயாரித்து வைத்துக்கொண்டால் எந்தக் கூடத்துக்கும் அதையே சிறு மாற்றத்தோடு அனுப்பலாம். அதில் இருக்க வேண்டியவை: விண்ணப்பக் கடிதம், ஒரு பக்கத் தன்குறிப்பு, தொடரைப் பற்றி 200 சொற்களுக்குள் ஒரு குறிப்பு, எண்ணிட்ட 15 முதல் 20 படங்கள், படப்பட்டியல், ஆதார், பான் அட்டை நகல்கள், கடவுச்சீட்டு அளவுப் படம், வைப்புத்தொகை திரும்பி வர வங்கிக் கணக்கு விவரமும் ரத்து செய்த காசோலையும். முன்பு கூட்டுக் காட்சியில் பங்கேற்றிருந்தால் அதற்கான சான்றிதழ் அல்லது அழைப்பிதழின் நகலைச் சேருங்கள். இல்லையென்றால் இல்லை, அதற்காகத் தயங்க வேண்டாம்.

படங்களின் கோப்புப் பெயர்களில் உங்கள் பெயரும் வரிசை எண்ணும் இருக்கட்டும். கேமரா தந்த பெயரோடு அப்படியே அனுப்பினால், குழுவில் இருப்பவர் '7ஆவது படம்' என்று சொல்லும்போது யாருக்கும் எது என்று தெரியாது. மொத்தத்தையும் ஒரு பிடிஎஃப் கோப்பாக, மின்னஞ்சலில் தடையின்றிப் போகும் அளவில் சுருக்குங்கள்.

தொடரைப் பற்றிய குறிப்பில் பலர் சறுக்குகிறார்கள். நானும் முதலில் 'காலத்தின் சுவடுகள்', 'மௌனத்தின் மொழி' என்றெல்லாம் எழுதினேன். நண்பர் ஒருவர் அவற்றைக் கோடிட்டு அடித்துவிட்டு, "எங்கே எடுத்தீர்கள், எத்தனை ஆண்டு, ஏன் எல்லாப் படமும் நண்பகலில்? இதை எழுதுங்கள்" என்றார். அதுதான் ஏற்கப்பட்டது.

அரசு சார்ந்த கூடங்களுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். நல்ல மாதங்கள் முதலில் போய்விடும். சென்னையில் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை நல்ல காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவமழை. ஒரு புயல் எச்சரிக்கை போதும், வாரம் முழுதும் கூடம் காலியாகக் கிடக்கும். மார்கழியில் நகரமே கச்சேரிக்குப் போய்விடும். மே மாதம் குறைந்த வாடகைக்குக் கூடம் கிடைக்கலாம், அந்த வெயிலில் பார்க்க யார் வருவார் என்பதையும் யோசியுங்கள்.

தனிக் காட்சிக்கு முன் கூட்டுக் காட்சியில் பங்கேற்க விரும்பினால், 2016இல் தொடங்கிய ஒளிப்பட விழாவான சென்னை ஃபோட்டோ பினாலேயின் பொது அழைப்புகளைக் கவனித்து வாருங்கள். மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இயங்கும் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழுவின் அறிவிப்புகளையும் பாருங்கள். கலைக்காட்சி நடத்த உதவித்தொகை தரும் அறிவிப்பு வந்தால், அதில் ஒளிப்படமும் அடங்குமா அல்லது ஓவியமும் சிற்பமும் மட்டுமா என்பதைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

5. வாடகையா, கமிஷனா: எழுத்தில் வாங்குங்கள்

வாடகைக் கூடத்தில் நாள் வாடகை உங்களுடையது, விற்பனையும் உங்களுடையது. தனியார் காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் விற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கமிஷன் எடுத்துக்கொள்ளும். அவர்களுக்கு வாங்குபவர் பட்டியல் இருக்கும், உங்களுக்கு இருக்காது. ஆகவே அதைக் கொள்ளை என்று நினைக்க வேண்டாம். ஆனால் வாடகையும் வாங்கிக்கொண்டு கமிஷனும் கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: வாடகையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, தனியா, படம் மாட்டும் நாளும் கழற்றும் நாளும் வாடகைக் கணக்கில் வருமா, மின்கட்டணமும் குளிர்சாதனமும் உட்பட்டவையா, இரவில் காவல் யார் பொறுப்பு, படம் சேதமானால் யார் ஈடு, விற்ற பணம் எத்தனை நாளில் வரும், வைப்புத்தொகையில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்வார்கள்.

கடைசி விஷயத்தில் நான் ஏமாந்தேன். என் 10,000 ரூபாய் வைப்புத்தொகையில் சுவர்ப் பூச்சுக்கு என்று 3,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆணியே அடிக்கவில்லை. ஆனால் முன்பே இருந்த ஓட்டைகளை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. கேமராவோடு ஏழு நாள் அங்கேயே நின்ற ஒருவன், காலிச் சுவரை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை! சாவி கையில் வந்ததும் நான்கு சுவர்களையும் எடுத்து, அன்றே கூடத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

6. அச்சு

நம் ஊர்க் கலர் லேப்கள் கல்யாண ஆல்பத்துக்குப் பழகியவை. அங்கே கோப்பைக் கொடுத்தால் முகத்தை வெளுப்பாக்கி, நிழலை ஏற்றித் தருவார்கள். அது அவர்கள் தொழில், குறை சொல்ல முடியாது. மாதிரி பார்க்க அங்கே போடும்போது 'கலர் கரெக்‌ஷன் வேண்டாம்' என்று உறையின் மேலேயே எழுதிக் கொடுங்கள். கண்காட்சிக்கான அச்சு வேறு. அது நிறமி மையில், அமிலமற்ற பருத்தித் தாளில் போடுவது. ஹானமியூலே, கான்சன் போன்ற நிறுவனங்களின் தாள்களைச் சென்னை, பெங்களூரு அச்சகங்கள் வைத்திருக்கின்றன. சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலான மேட் தாளே என் தேர்வு. பளபளப்பான தாளின் மேல் கண்ணாடியும் போட்டு, மேலே விளக்கும் அடித்தால், பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார்.

எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 20×13 அங்குலம் வரும். 250 வைத்தால் 24×16. 200 வைத்தால் 30×20. நான் 24×16 போட்டேன், சுற்றி ஓர் அங்குலம் வெள்ளை ஓரம் விட்டேன். படத்தை வெட்டிச் சிறிதாக்கியிருந்தால் வெட்டிய பின் உள்ள புள்ளிகளைக் கொண்டு கணக்கிடுங்கள்.

முதல்முறை எல்லோருக்கும் படம் இருண்டு வரும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்துவதுதான் காரணம். திரையின் ஒளியை அரைவாசிக்கும் கீழே இறக்கி, முடிந்தால் அளவுத்திருத்தக் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சரிசெய்யுங்கள். எந்த வண்ண வெளியில் (sRGB, Adobe RGB போன்ற நிற வரையறை) கோப்பு வேண்டும், அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் ஐசிசி கோப்பு கிடைக்குமா என்று அச்சகத்தைக் கேளுங்கள். பிறகு நான்கைந்து படங்களிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்து ஒரே தாளில் சோதனை அச்சு போடச் சொல்லுங்கள். எனக்கு மூன்று சோதனைத் தாள்களுக்கு 2,400 ரூபாய் ஆனது. அந்தத் தாளை அச்சகத்தின் குழல்விளக்கில் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கூடத்துக்கு எடுத்துப்போய் அங்குள்ள மஞ்சள் விளக்கில் சுவரோடு பிடித்துப் பாருங்கள். என் மணற்பரப்பு அச்சகத்தில் சாம்பலாகவும் மஞ்சள் விளக்கில் மஞ்சளாகவும் இருந்தது. கோப்பைத் திருத்தி மறுபடி போட்டேன்.

இறுதி அச்சு ஒன்றுக்கு 1,900 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே தாள்கட்டில் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் போட வேண்டாம். ஈரக் காற்றில் பருத்தித் தாளின் விளிம்பு அப்பளம் போல் நெளியும். உருளையாகச் சுருட்டித் தருவதாகச் சொன்னால் மறுத்து, தட்டையாக இரண்டு அட்டைகளுக்கு நடுவே வாங்குங்கள். பருத்திக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மேட் தாளில் விரல்பட்ட இடம் சாய்ந்த ஒளியில் பளிச்சென்று தெரியும்.

7. பிரேம்

பிரேம் போடுவதை வேலூரிலேயே வைத்துக்கொள்வது மலிவு, ஆனால் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். நான் முதலில் கொடுத்த கடை, சாமி படத்துக்குப் போடுவது போலவே போட்டது: அச்சின் முகம் கண்ணாடியில் ஒட்டியிருக்க, பின்னால் ஹார்ட்போர்டு, நடுவில் ஃபெவிகால். கேட்டதற்கு, "வருசக் கணக்கா இப்படித்தான் சார் போடுறோம், ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரர். நவம்பர் மழையில் மூன்று படங்களில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது ஆற்றுமணல் கண்ணாடியோடு போனது, வெள்ளைத் தாள் என் கையில் நின்றது.

ஆகவே, அச்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, படம் தெரியும்படி சன்னல் போல் வெட்டிய அமிலமற்ற மவுண்ட் அட்டை கட்டாயம். அட்டையைச் சென்னையில் வாங்கி வந்து கொடுங்கள். அச்சைப் பசை போட்டு ஒட்டாமல், மேல் விளிம்பில் மட்டும் அமிலமற்ற காகிதப் பட்டையால் தொங்கவிடச் சொல்லுங்கள். தாள் விரிந்து சுருங்க இடம் வேண்டும். பின்பக்கம் காகிதப் பட்டையால் மூடி, கீழ் மூலைகளில் சிறு ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவரின் ஈரம் ஏறாது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் எடை குறையும், வழியில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். வண்டியில் வரும் நமக்கு அக்ரிலிக்கே மேல் என்பேன். மவுண்டும் அக்ரிலிக்கும் உட்பட ஒரு பிரேம் 1,600 ரூபாய் ஆனது.

8. பதிப்பு எண், விலை, சான்றிதழ்

ஒரே படத்தை எத்தனை அச்சு விற்பீர்கள் என்பதை முதல் அச்சுக்கு முன்பே முடிவுசெய்து அதிலிருந்து மாறக் கூடாது. பத்துப் பிரதிகள் என்றால் 1/10, 2/10 என்று பென்சிலால் கீழ் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கு மேல், அந்த எண்ணிக்கையில் சேராமல் படமெடுத்தவர் தனக்கென ஒன்றிரண்டு பிரதி (கலைஞர் பிரதி) வைத்துக்கொள்வது வழக்கம். வாங்குபவருக்குக் கொடுக்கும் சான்றிதழில் தலைப்பு, எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, தாள், மை, அளவு, பதிப்பு எண் ஆகியவை இருக்க வேண்டும். கண்காட்சியில் தெரிந்தவர் கேட்டார் என்று பதினோராவது பிரதி போட்டால், முன்பு வாங்கிய பத்துப் பேரையும் ஏமாற்றியதாகும்.

விலைக்கு நான் வைத்த கணக்கு: அச்சும் பிரேமும் 3,500, அதன் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலே, 9,000 ரூபாய். ஊர்க்காரர்கள் மலைத்தார்கள். சென்னையில் ஒருவர், இவ்வளவு குறைவாக ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் வாங்கவில்லை.

9. கொண்டுபோவது

கண்ணாடியோ அக்ரிலிக்கோ, 20 பிரேம்களை இரயிலில் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். குட்டி யானை வண்டி ஒன்று போதும். போகவும் வரவும், வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் சுங்கம் உட்பட ஒவ்வொரு முறையும் 6,500 ரூபாய் கொடுத்தேன். பிரேம்களை முகத்தோடு முகம், முதுகோடு முதுகு வைத்து, நடுவே நுரைத்தாள் கொடுத்து, நிற்க வைத்துக் கட்டுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் மேலே இருப்பதன் எடை கீழே இருப்பதை நொறுக்கும். மூலைகளுக்குச் செருப்புப் பெட்டி அட்டையை மடித்துத் தொப்பி போல் மாட்டினேன்; ஆம்பூர்ப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

'விற்பனைச் சரக்கல்ல, கண்காட்சிக்காகக் கொண்டுசெல்லப்படுவது' என்று எழுதிய கடிதமும், படப்பட்டியலும், கூடத்தின் ஒதுக்கீட்டுக் கடித நகலும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், சரக்கு கொண்டுசெல்ல இணையவழியில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் பேச்சு வரும். உங்கள் பட்டியலில் என்ன மதிப்பு எழுதுகிறீர்கள் என்பதைக் கணக்காளரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். நெரிசல் நேரத்தில் எந்தச் சாலையில் சரக்கு வண்டியை விடமாட்டார்கள் என்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புவதே எளிது.

10. மாட்டுவதும் திறப்பதும்

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குலத்தில் இருக்கட்டும். கொக்கியின் உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: 58உடன் பிரேம் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்கம்பியை இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். என் பிரேமுக்கு 58, 12, 3. ஆக 67 அங்குலம். மேலிருந்து தொங்கவிடும் கூடமென்றால் எஃகுக் கம்பியை வாங்குங்கள். நான் தூண்டில் நைலானில் தொங்கவிட்டேன். இரவோடு இரவாக அது நீண்டு, காலையில் வந்து பார்த்தபோது இருபது படங்களும் இருபது உயரத்தில் நின்றன. பதினொரு மணிக்குத் திறப்பு, எட்டு மணிக்கு நான் ஏணியில்.

கையோடு கொண்டுபோக: அளவு நாடா, ரசமட்டம், ஏணி இருக்கிறதா என்ற உறுதி, கத்தரி, இரட்டைப்பக்க ஒட்டுநாடா, உதிரிக் கொக்கி, கண்ணாடி துடைக்கும் துணி, விற்ற படத்துக்கு ஒட்டச் சிவப்புப் புள்ளி, பார்வையாளர் ஏடு, பேனா இரண்டு. படக்குறிப்பு அட்டைகளை வேலூரில் அச்சிட்டு எடுத்துப்போங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வருபவர்களில் பாதிப்பேர் கண்ணாடியை மறந்து வந்தவர்கள்.

திறப்பை வேலைநாள் காலையில் வைத்தது என் தவறு. சனிக்கிழமை மாலை வையுங்கள். பத்திரிகைகளுக்குப் பத்து நாள் முன்பும், பிறகு மூன்று நாள் முன்பும் அரைப் பக்கச் செய்தியோடு இரண்டு படங்களை அனுப்புங்கள். சிறப்பு விருந்தினரை அழைத்தால் அவர் பேச்சுக்குப் பத்து நிமிடம் என்று முன்பே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

11. மொத்தக் கணக்கு

ஏழு நாள் வாடகை 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு 24,780, இருபது அச்சு 38,000, சோதனை அச்சு 2,400, பிரேம் 32,000, வண்டி 13,000, அழைப்பிதழ், படக்குறிப்பு, சுவர்க் குறிப்பு 6,200, திறப்புநாள் தேநீர், சிற்றுண்டி 4,800, ஒன்பது நாள் தங்கல், சாப்பாடு, போக்குவரத்து 11,500, வைப்புத்தொகையில் போனது 3,500. ஆக 1,36,180 ரூபாய். ஐந்து படங்கள் விற்று 45,000 வந்தது. மாட்டாமல் போன பதினான்கின் 49,000 இந்தக் கணக்கில் இல்லை, வீட்டில் சொல்லவும் இல்லை.

பிப்ரவரிக் காட்சிக்கு நாள்காட்டி இப்படி இருக்கலாம்: ஜூலையில் கூடங்களைப் பார்ப்பது, ஆகஸ்டில் விண்ணப்பம், ஒதுக்கீடு வரும்வரை ஒப்புதல் கடிதங்கள். ஒதுக்கீட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகே அச்சுக்கு முன்பணம். மழை விட்ட டிசம்பர் இறுதியில் சோதனை அச்சு, பொங்கலுக்கு முன் இறுதி அச்சு, பொங்கல் முடிந்ததும் பிரேம். பொங்கல் வாரத்தில் பிரேம் கடையை நம்ப வேண்டாம்.

12. கழற்றிய பிறகு

கடைசி நாள் மாலை கூடத்தை ஒப்படைக்கும்போது, பொறுப்பாளரைக் கூட வைத்துக்கொண்டு மறுபடியும் சுவர்களைப் படமெடுத்து, 'குறையின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். விற்ற படங்களை அங்கேயே கொடுத்துவிடுங்கள். பிறகு வேலூரிலிருந்து கூரியரில் அனுப்பினால் பிரேமின் மூலை உடைந்து, அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விற்காதவற்றை வீட்டில் தரையில் வைக்காமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிற்க வைத்து, சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் பிரித்து, மூலைகளைப் பாருங்கள்.